ஒரு கப் மைதா எத்தனை கிராம்?

240 மில்லி கப் நிறையத் தண்ணீர் என்றால் 240 கிராம். அதே கப்பில் சர்க்கரை ஏறக்குறைய 200 கிராம். தேன் 340 கிராம். கப் ஒன்றுதான், எடை மட்டும் ஏன் மாறுகிறது?

திரவத்தில் காரணம் எளிது: அடர்த்தி. உலர்ந்த பொருளில் காற்றும் சேர்ந்துகொள்கிறது. சர்க்கரைப் படிகம் தண்ணீரைவிட ஏறத்தாழ 1.6 மடங்கு அடர்த்தியானது. ஆனாலும் ஒரு கப் சர்க்கரையின் எடை தண்ணீரைவிடக் குறைவு. கப்பில் கிட்டத்தட்ட பாதி, படிகங்களுக்கு இடையிலுள்ள காற்று!

300 கிராம் சர்க்கரையைக் கப்பில் அளக்க, 300-ஐ 200-ஆல் வகுத்தால் போதும்: ஒன்றரை கப். மைதாவில் இந்தக் கணக்கு நம்மை ஏமாற்றும். அதன் நுண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, தங்களுக்குள் காற்றைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சலித்துக் கரண்டியால் மெதுவாக நிரப்பினால் கப்புக்கு 120 கிராம். டப்பாவுக்குள் கப்பை அழுத்தி அள்ளினால் 150-ஐத் தொடும். கேக் வறண்டுபோக அந்த 30 கிராம் போதும். அடிக்கடி கேக் செய்கிறவர்கள் அவசியம் ஒரு சிறு தராசு வாங்கிவிட வேண்டும்.

இட்லிக்கு அது தேவையில்லை. அரிசி நான்கு, உளுந்து ஒன்று என்பது ஒரே ஆழாக்கால் அளக்கும் விகிதம். முழு மணிகள் எப்படிக் கொட்டினாலும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான் அடையும்.

உப்பு வேறு கதை. கல் உப்பில் இடைவெளி அதிகம், தூள் உப்பில் குறைவு. கல் உப்புக்குச் சொன்ன ஸ்பூன் கணக்கில் தூள் உப்பைப் போட்டால் குழம்பு கரிக்கும்.