நாய் பழி வாங்குகிறதா?

காலை 9 மணி. கணவர் அலுவலகம் போய்விட்டார். மனைவியும் வேலைக்குப் போய்விட்டார். குழந்தைகள் பள்ளிக்கூடத்தில். கதவு பூட்டியாயிற்று. உள்ளே இருப்பது நாய் மட்டும்தான்.

மாலையில் வந்து கதவைத் திறந்தால், தலையணை கிழிந்து பஞ்சு பறக்கிறது. செருப்பில் வார் இல்லை. கதவெல்லாம் நகக் கீறல். கூடத்தில் சிறுநீர். "பகல் முழுவதும் ஒரே ஊளை சார்!" என்று பக்கத்து வீட்டுக்காரரும் வந்து நிற்கிறார்.

"தனியாக விட்டுப் போன கோபத்தில் பழி வாங்கிவிட்டது" என்று பிரம்பை எடுக்கிறார்கள். நாய் வாலை இடுக்கிக்கொண்டு மூலையில் பதுங்குகிறது. "பார்த்தாயா! செய்த குற்றம் அதற்கே தெரிகிறது!" என்கிறார்கள்.

அப்படி அல்ல!

நியூயார்க் சோதனை

அமெரிக்காவில், நியூயார்க் நகரில் பர்னார்டு கல்லூரி இருக்கிறது. அங்கே நாய்களின் மனதை ஆராய்ந்தவர் அலெக்சாண்ட்ரா ஹாரோவிட்ஸ் என்ற பெண்மணி. 14 நாய்களை வைத்து அவர் ஒரு சோதனை செய்தார். அதன் முடிவு 2009-ல் வெளிவந்தது.

நாயின் முன்னால் தின்பண்டம். "தொடாதே" என்று சொல்லிவிட்டு எஜமானர் வெளியே போனார். திரும்பி வந்ததும், "உங்கள் நாய் தின்றுவிட்டது" என்றார்கள். சில நேரம் அது பொய்! அதை நம்பி எஜமானர் நாயைத் திட்டினார்.

தின்னாத நாயும், திட்டு விழுந்ததும் திருடனைப் போல் விழித்தது! எஜமானரின் குரலுக்குத்தான் அந்த முழி. (நாயைக் கோர்ட்டில் நிறுத்தினால், செய்யாத குற்றத்தைக்கூட ஒப்புக்கொண்டுவிடும் போலிருக்கிறது!)

பயம்தான் காரணம்

நாய் கூடி வாழும் பிராணி. தனியாக விட்டால் சில நாய்களுக்குப் பயம் வந்துவிடுகிறது. எஜமானர் போன கதவைப் பிறாண்டுகிறது. அவர் வாசனை உள்ள செருப்பைக் கடிக்கிறது. 2020-ல் கொரோனாவுக்காக எல்லோரும் வீட்டில் அடைந்து கிடந்தார்கள். அப்போது வளர்ந்த குட்டிகளுக்குத் தனிமையே பழக்கம் இல்லை.

அடித்தால் பயம் இன்னும் கூடும். தனிமையைப் பழக்கத்தான் வேண்டும்.

சாவியை எடுங்கள். ஆனால் வெளியே போகாதீர்கள். உட்கார்ந்து பேப்பர் படியுங்கள். பல தடவை இப்படிச் செய்தால், சாவிச் சத்தம் கேட்டதும் நாய் பதறாது. பிறகு வெளியே போய், ஒரு நிமிடத்தில் திரும்புங்கள். அடுத்து 2 நிமிடம். பிறகு 5 நிமிடம். நாய் அழத் தொடங்கும் முன்பே வந்துவிட வேண்டும். அவசரப்படக் கூடாது. வாரக்கணக்கில் ஆகும்.

புறப்படும் முன் நன்றாக நடத்திக் கூட்டிவாருங்கள். துளையுள்ள ரப்பர் பொம்மைக்குள் தயிர்ச்சோற்றை அடைத்துக் கொடுங்கள். நக்கி எடுப்பதிலேயே நேரம் போகும். தண்ணீர் வையுங்கள். வெயில் அடிக்கும் பால்கனியில் கட்டிப்போடாதீர்கள். நமக்கு வியர்ப்பது போல் நாய்க்கு உடம்பெல்லாம் வியர்க்காது. வெயிலில் செத்தே போகும்.

இதற்கும் அடங்காவிட்டால் கால்நடை டாக்டரிடம் போங்கள். மருந்து இருக்கிறது. நாயைப் பார்த்து அவர்தான் கொடுக்க வேண்டும். வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையைப் பொடி செய்து சோற்றில் கலக்காதீர்கள்.