நின்றால் போய்விடும் கால்வலி

“வயசாச்சு, கால் வலிக்கத்தானே செய்யும்!” இப்படிச் சொல்லிவிட்டுக் கோடாலித் தைலத்தைத் தேய்த்துக்கொண்டு படுத்துவிடும் தாத்தா பாட்டிகள் நம் வீடுகளில் ஏராளம். தைலத்தைக் குறை சொல்லவில்லை. ஆனால் ஒரு வகைக் கால்வலிக்கு அது எட்டாது.

லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தில் இறங்கிய பெரியவர் ஒருவர் தேக்கா சந்தையைத் தாண்டிச் சிராங்கூன் சாலையில் நடக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீரமாகாளியம்மன் கோயிலை நெருங்கும்போது கெண்டைக்கால் இறுகிப் பிடிக்கிறது. கடையோரம் நிற்கிறார். சில நிமிடங்களில் வலி போய்விடுகிறது. மீண்டும் ஏறக்குறைய அதே தூரம் நடந்ததும் பிடிக்கிறது. இதுதான் அடையாளம். முதுகெலும்பில் நரம்பு நெருக்கப்பட்டாலும் நடக்கையில் வலிக்கும்; ஆனால் அப்போது வெறுமனே நின்றால் போதாது, உட்காரவோ குனியவோ வேண்டும்.

காரணம் காலுக்குச் செல்லும் தமனி. அதன் உட்சுவரில் கொழுப்பு படிந்து பாதை குறுகிவிட்டது. ஓய்வில் போதுமாக இருக்கும் ரத்தம், நடக்கும் தசைக்குப் போதவில்லை. இரவில் படுத்ததும் பாதம் வலித்து, காலைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிட்டால் குறைகிறது என்றால் நோய் முற்றிவிட்டது என்று பொருள்.

புகைப்பழக்கமும் நீரிழிவும் இதன் முக்கியக் காரணங்கள். 2010ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில் சிங்கப்பூர்ப் பெரியவர்களில் 11.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 17.2 விழுக்காடு. நீரிழிவு நரம்பையும் மரத்துப்போகச் செய்வதால் வலியே தெரியாமல் போகலாம். ஆறாத புண்தான் முதல் அறிகுறியாக வரும். கோயில் பிரகாரத்தில் வெறுங்காலுடன் சுற்றிவிட்டு வரும் நம்மவர்கள், வீட்டுக்கு வந்ததும் உள்ளங்காலைப் பார்ப்பது நல்லது. சுகாதார அமைச்சு 2016இல் நீரிழிவுக்கு எதிராகப் போர் அறிவித்த காலத்தில், இந்நோயால் நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு கால் அல்லது விரல் அகற்றங்கள் நடந்துகொண்டிருந்தன.

பரிசோதனை வலியில்லாதது. கணுக்காலின் ரத்த அழுத்தத்தைக் கையின் அழுத்தத்தால் வகுப்பார்கள். விடை 0.9 அல்லது அதற்குக் கீழ் என்றால் அடைப்பு இருக்கிறது. நெடுநாள் நீரிழிவுக்காரர்களுக்குத் தமனி கெட்டிப்பட்டு இந்த எண் பொய் சொல்லும்; அவர்களுக்குக் கால்விரலில் அளப்பார்கள்.

சிகிச்சையில் வியப்பானது நடைதான். வலிக்கும்வரை நடந்து, நின்று, மறுபடி நடப்பது. இப்படி 30 முதல் 45 நிமிடம், வாரம் மூன்று முறை, மூன்று மாதம் செய்தால் நடக்கும் தூரம் கூடுகிறது. ஆறாத புண் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடங்கக்கூடாது. புகையை அறவே விட வேண்டும். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையும் ரத்தம் உறையாமல் காக்கும் மாத்திரையும் மாரடைப்பையும் பக்கவாதத்தையும்கூடத் தடுக்க உதவும், ஏனெனில் காலில் அடைத்த கொழுப்பு இதயத்தை மட்டும் விட்டுவைக்காது. இவை போதாதபோது தமனியைக் குழாய்வழி விரிப்பார்கள். இம்முறையை 1964இல் அமெரிக்காவின் போர்ட்லண்டில் சார்லஸ் டாட்டர் முதன்முதலில் செய்தது, காலை அகற்றச் சம்மதிக்காத 82 வயது மூதாட்டிக்குத்தான்! சிலருக்கு மாற்றுப்பாதை அறுவை சிகிச்சை தேவைப்படும்.

பலதுறை மருந்தகத்தில் பெரியவர்களுக்கு மொழிபெயர்ப்பது பெரும்பாலும் பேரப்பிள்ளைகளாகிய நாம்தான். “லெக் பெய்ன்” என்று முடித்துவிடாதீர்கள். எவ்வளவு தூரத்தில் வருகிறது, நின்றால் போகிறதா, பாதத்தில் புண் உண்டா என்று கேட்டுச் சொல்லுங்கள். கால் திடீரென வெளுத்து, சில்லிட்டு, மரத்து வலித்தால் மருந்தகத்துக்குக் காத்திருக்க நேரமில்லை. சில மணி நேரத்தில் தசை செத்துவிடும். உடனே 995ஐ அழையுங்கள்.