புன்னைக் கொட்டைக்கு அவசரம் இல்லை

கோவளத்தில் கடலோரம் குடியிருக்கும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "மரத்தடியில் பொறுக்கிய புன்னைக் கொட்டைகளை நட்டு ஒரு மாதமாகத் தண்ணீர் ஊற்றுகிறேன். ஒன்றுகூட முளைக்கவில்லை. எல்லாமே சொத்தையா?"

சொத்தையாக இருக்க வாய்ப்புக் குறைவு. அந்தக் கொட்டைகள் இன்னும் கடலில் மிதந்துகொண்டிருப்பதாக நினைத்துக்கொண்டிருக்கின்றன, அவ்வளவுதான்.

புன்னைக் காயின் தோலும் மெல்லிய சதையும் போனபின் மிஞ்சுவது கெட்டியான ஓடு. ஓட்டின் உட்புறம் தக்கை போன்ற ஒரு படலம், அதற்குள் பருப்பு. கோவளத்து மீனவர்களின் ஃபைபர் படகும் இதே கட்டுமானம்தான். வெளியே கெட்டி ஓடு, உள்ளறைகளில் நுரை; தண்ணீர் ஏறினாலும் அடியில் போகாது. இந்தப் படகில் ஒரே ஒரு பயணி, முளைக்கரு. வழிக்குச் சாப்பாடு எண்ணெயாகவே ஏற்றப்பட்டிருக்கிறது. காய்ந்த பருப்பின் எடையில் பாதிக்கு மேல் எண்ணெய்தான். டேங்க் நிறைய எண்ணெய் இருந்தும் என்ஜின் கிடையாது, சுக்கான் கிடையாது. நீரோட்டம் ஒதுக்கிய இடமே துறைமுகம். பதிவெண் வேண்டாம், டீசல் மானியம் வேண்டாம், மீன்பிடித் தடைக்காலமும் இதைக் கட்டுப்படுத்தாது. பயணியோ கரை ஏறும்வரை சாப்பாட்டு மூட்டையை அவிழ்ப்பதே இல்லை.

இந்தக் கடற்பயணத்துக்கு நல்ல சாட்சி இந்தோனேசியாவில் இருக்கிறது. 1883இல் கிரகடோவா எரிமலை வெடித்து, எஞ்சிய தீவைச் சாம்பல் மூடியது. மூன்று ஆண்டு கழித்து, 1886இல், மெல்கியோர் ட்ரூப் என்ற டச்சுத் தாவரவியலாளர் அங்கே போனபோது கரையில் கண்ட விரல்விட்டு எண்ணக்கூடிய கடலோரத் தாவரங்களில் புன்னையும் ஒன்று.

கடல்நீரை மாதக்கணக்கில் வெளியே நிறுத்தும் ஓடு, வாசகரின் பூவாளித் தண்ணீரை மட்டும் உடனே உள்ளே விட்டுவிடுமா? பசிபிக் தீவுகளின் நாற்றங்கால் கணக்கு இதைத் தெளிவாகவே சொல்கிறது. ஓட்டோடு நட்டால் முளைக்கச் சுமார் 57 நாள். ஓட்டில் விரிசல் விட்டு நட்டால் 38. ஓட்டை முழுதும் நீக்கினால் 22.

நற்றிணையின் 172ஆம் பாடலை இந்தக் கணக்கோடு சேர்த்துப் படிக்க வேண்டும். சிறுமிகள் விளையாட்டாக ஒரு புன்னை விதையை வெண்மணலில் அழுத்திவிட்டு மறந்துபோகிறார்கள். பிறகு அது முளைவிட்டதைப் பார்த்து, நெய் கலந்த பால் ஊற்றி வளர்க்கிறார்கள். இரண்டு மாதத்தில் எந்தக் குழந்தைக்குத்தான் மறக்காது! மறதி கவிஞரின் அலங்காரம் அல்ல, ஓட்டின் வேலை. பாலும் நெய்யும் மட்டும் மரத்துக்குத் தேவையில்லை.

பழம்பெருமையை இரண்டு வரியில் முடித்துவிடலாம். இதன் எண்ணெயில் விளக்கு எரித்தார்கள், மரத்தில் படகும் கப்பலும் செய்தார்கள்; மயிலாப்பூர் கபாலீசுவரர் கோயிலின் தலமரமும் இதுதான்.

இப்போதைய பெருமைகளைத்தான் கொஞ்சம் சலிக்க வேண்டும். நாகப்பட்டினம் மாவட்டத்தில் விவசாயி ஒருவர் புன்னை எண்ணெயில் பம்புசெட் ஓட்டியது உண்மைச் செய்தி. அதிலிருந்து 'நாளைய பெட்ரோல் பங்க்' என்று தாவுவதுதான் சிக்கல். 2003இல் காட்டாமணக்கைப் பற்றியும் இப்படித்தான் பேசினார்கள். தரிசு நிலமெல்லாம் டீசலாகும் என்றார்கள், ஆகவில்லை. புன்னை காய்ப்புக்கு வரவே பல ஆண்டு ஆகும். கொட்டை பொறுக்க, உடைக்க, காயவைக்க ஆள்கூலியை யார் கணக்குப் போட்டார்கள்? இதே எண்ணெய் 'தமனு' என்ற பெயரில் சின்னக் குப்பியில் வந்து முகச்சுருக்கம் போக்கும் என்கிறது. குப்பியின் விலை உயர்ந்த அளவுக்கு ஆதாரம் உயரவில்லை. சமையலுக்கும் இது ஆகாது.

வளர்ப்பது எளிது. சித்திரை, வைகாசியில் புதிதாக உதிர்ந்த கொட்டைகளை எடுத்துக்கொள்ளுங்கள். வௌவால் சதையைத் தின்று போட்டவை இன்னும் நல்லது, தோலுரிக்கும் வேலை மிச்சம். சுத்தியலால் பதமாகத் தட்டி ஓட்டை மட்டும் உடைக்க வேண்டும். பருப்பு நசுங்கினால் அது வீண். ஆணிவேர் ஆழமாகப் போகும் என்பதால் உயரமான நாற்றுப் பையாகப் பாருங்கள். மணல் கலந்த மண்ணில் மேலாக ஊன்றி, அரைநிழலில் வைத்து, ஈரம் காயாமல் பார்த்தால் போதும். ஐப்பசி மழையோடு தரையில் நட்டுவிடலாம். உப்புக்காற்றைத் தாங்கும் தடித்த இலை அதற்கு உண்டு. முதல் இரண்டு கோடைக்கு மட்டும் தண்ணீர் காட்ட வேண்டும்.

கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்துச் சவுக்குபோலச் சில ஆண்டுகளில் வெட்டி விற்கும் மரம் இல்லை இது. மெதுவாக வளர்ந்து அகலமாகப் படரும். அதனால் வீட்டுச் சுவரிலிருந்து ஐந்தாறு மீட்டராவது தள்ளி நடுங்கள். காய்க்கத் தொடங்கியபின் அதன் அடியில் கார் நிறுத்தாதீர்கள்.