கட்டிக் காட்டினால்தான் கட்டுரை

1983 மார்ச் 21 அன்று, இயங்குதளக் கோட்பாடுகளுக்கான ஒன்பதாவது மாநாட்டின் தேர்வுக் குழு தன் வேலையை முடித்தது. வந்த ஆய்வுக் கட்டுரைகள் 83. மேடையேறத் தேர்வானவை 16. குழுவின் இணைத் தலைவர்களான ராய் லெவினும் டேவிட் ரெடெலும் அத்தோடு எழுந்து போயிருக்கலாம். போகவில்லை. தள்ளுபடியான கட்டுரைகளில் திரும்பத் திரும்பக் கண்ட குறைகளைத் தொகுத்து, ஒரு நல்ல கட்டுரையை எப்படி எழுதுவது, எப்படி எழுதக் கூடாது என்று சில பக்கங்கள் எழுதி அச்சிலும் கொண்டுவந்தார்கள். இயங்குதள ஆய்வுக்கு வரும் புது மாணவர்களுக்கு இன்றும் பேராசிரியர்கள் படிக்கக் கொடுப்பது அதைத்தான்.

அதில் ஒரு புகார் உண்டு. சிலர் பதினைந்து பக்கம் ‘எங்கள் அமைப்பு இதைச் செய்கிறது, அதைச் செய்கிறது’ என்று நிகழ்காலத்திலேயே எழுதிக்கொண்டு போகிறார்கள். முடிவுரைக்கு வந்தால்தான், அப்படி ஓர் அமைப்பு இன்னும் காகிதத்தைத் தாண்டவில்லை என்று தெரிகிறது. இந்தத் துறை மாநாடுகளுக்குக் கட்டுரை அனுப்ப நினைப்பவர் மனதில் முதலில் பதிய வேண்டியது இதுதான். யோசனை எவ்வளவு அழகாக இருந்தாலும், அதை நிரலாக எழுதி, ஓடவிட்டு, அளந்து காட்டாமல் உள்ளே நுழைய முடியாது.

எந்த மேடை?

கணினி மாநாடுகளுக்குப் பஞ்சமில்லை. பணம் கட்டினால் எதையும் ஏற்றுக்கொள்ளும் கடைகளும் அவற்றில் உண்டு. இயங்குதளத் துறையில் எல்லோரும் மதிப்பவை இரண்டு. ஏசிஎம் அமைப்பின் எஸ்ஓஎஸ்பி (தொடக்கத்தில் சொன்ன மாநாடு இதுதான்), 1967இல் அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் காட்லின்பர்க் என்ற மலையூரில் தொடங்கியது. யூஸ்நிக்ஸ் சங்கத்தின் ஓஎஸ்டிஐ, 1994இல் கலிஃபோர்னியாவின் மான்டரேயில் தொடங்கியது. ஓர் ஆண்டு இது, மறு ஆண்டு அது என்று நெடுங்காலம் மாறி மாறி நடந்தன. இப்போது இரண்டும் ஆண்டுதோறும் நடக்கின்றன. எஸ்ஓஎஸ்பி 2017இல் ஷாங்காய்க்கும் 2025இல் சியோலுக்கும் வந்தது.

இந்த மேடைகளின் எடை அங்கே முதலில் பேசப்பட்டவற்றைப் பார்த்தால் புரியும். காட்லின்பர்க்கில் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா, இயங்குதளத்தை அடுக்கடுக்காகக் கட்டும் முறையை விளக்கினார். ஒரு நிரலுக்கு ஒரு நேரத்தில் எந்தெந்த நினைவகப் பக்கங்கள் உண்மையில் தேவைப்படுகின்றன என்ற கணக்கைப் பீட்டர் டென்னிங் அங்கேதான் வைத்தார். 1973 மாநாட்டில் கென் தாம்ப்சனும் டென்னிஸ் ரிச்சியும் யூனிக்ஸைப் பற்றிப் பேசினார்கள். 2003இல் கூகுளின் கோப்பு முறைமையும், மேகக் கணினிச் சேவைகளுக்கு அடித்தளமான ஸென் மென்பொருளும் ஒரே மாநாட்டில் வந்தன. 2023இல் ஜெர்மனியின் கோப்ளென்ஸில் வந்த ஒரு கட்டுரை, பெரிய மொழி மாதிரிகள் நினைவகத்தை வீணடிப்பதைக் குறைக்க, அதைப் பக்கம் பக்கமாகப் பிரித்து ஆளும் வழியைக் காட்டியது. டென்னிங் காலத்துச் சரக்கு, புது வேலைக்கு வந்திருக்கிறது.

நம் ஊர்ப் பொறியியல் கல்லூரிகளில் ‘எந்த ஆய்விதழில் வந்தது?’ என்பதுதான் முதல் கேள்வி. மாநாட்டுக் கட்டுரை என்றால் ஒரு படி கீழேதான் வைப்பார்கள். இயற்பியலுக்கும் உயிரியலுக்கும் அந்த அளவுகோல் சரி. கணினி அமைப்புகள் துறையில் அது பொருந்தாது. ஆய்விதழின் மெதுவான நடைக்குத் தொழில்நுட்பம் காத்திருப்பதில்லை என்பதால், கடுமையான தேர்வு மாநாட்டு வாசலுக்கே வந்துவிட்டது. பேராசிரியர்களுக்குப் பதவி உயர்வு தரும்போது முன்னணி மாநாட்டுக் கட்டுரைகளை உரிய மதிப்போடு பார்க்க வேண்டும் என்று அமெரிக்கக் கணினி ஆய்வுச் சங்கம் 1999இலேயே குறிப்பு வெளியிட்டது.

பன்னிரண்டு பக்கம்

இரண்டு, மூன்று ஆண்டு உழைப்பு பன்னிரண்டு பக்கத்துக்குள் அடங்க வேண்டும். மேற்கோள் பட்டியல் மட்டும் கணக்கில் வராது. இரண்டு நெடுவரிசை அமைப்பு, பத்துப் புள்ளி எழுத்து, பன்னிரண்டு புள்ளி வரி இடைவெளி, ஏழுக்கு ஒன்பது அங்குலத்தில் எழுத்துப் பரப்பு என்று எல்லாம் முன்கூட்டியே வரையறுக்கப்பட்டிருக்கும். வரிகளைக் கொஞ்சம் நெருக்கி நான்கு வாக்கியம் கூடுதலாக நுழைத்துவிடலாம் என்ற ஆசை எல்லோருக்கும் வரும். கட்டுரையை வாங்கும் மென்பொருளே பக்க அளவைச் சோதித்துவிடும் என்பதால் அந்த ஆசைக்கு விலை அதிகம். படிக்கப்படாமலேயே திரும்பி வரக்கூடும்.

முழுக் கட்டுரைக்குச் சில நாட்கள் அல்லது ஒரு வாரம் முன்பே தலைப்பையும் சுருக்கத்தையும் பதிவு செய்ய வேண்டும். யார் எதைப் படிப்பது என்று குழுத் தலைவர்கள் பிரித்துக் கொடுப்பதற்கு அந்த அவகாசம். உங்களோடு உறவுள்ள குழு உறுப்பினர்கள் யார் என்பதையும் அப்போதே சொல்லிவிட வேண்டும். ஒரே நிறுவனத்தில் இருப்பவர், அண்மையில் சேர்ந்து எழுதியவர், உங்கள் ஆய்வு நெறியாளர் ஆகியோர் உங்கள் கட்டுரைப் பக்கமே வர மாட்டார்கள். நெறியாளர், மாணவர் உறவுக்கு மட்டும் பொதுவாகக் காலாவதி கிடையாது.

கடைசி நேரத்தைப் பல கணினி மாநாடுகள் ‘பூமியில் எங்காவது’ என்ற கணக்கில் குறிக்கின்றன. உலகின் எந்த மூலையிலாவது அந்தத் தேதி மிச்சம் இருக்கும்வரை அவகாசம் உண்டு என்று பொருள். அந்தக் கணக்கில் இரவு 11:59 என்றால் சென்னையில் மறுநாள் மாலை 5:29. வேறு சில மாநாடுகள் அமெரிக்கக் கடிகாரத்தைப் பின்பற்றுகின்றன. அங்கே நம் நேரம் விடிகாலையில்கூடப் போய் விழலாம். எது என்று பார்க்காமல் இருப்பவர்களுக்கு யாரும் கருணை காட்டுவதில்லை.

பிறகு, பெயர் மறைப்பு. எழுதியவர் யார் என்பது படிப்பவருக்குத் தெரியக் கூடாது, படித்தவர் யார் என்பது எழுதியவருக்கும் தெரியக் கூடாது. பெயரை அழித்தால் மட்டும் போதாது. நன்றியுரையை நீக்க வேண்டும். தன் பழைய ஆய்வை ‘நாங்கள் முன்பு காட்டியபடி’ என்று சொல்லாமல், வேறு யாரோ செய்தது போல எழுத வேண்டும். கோப்பின் உள்விவரங்களில் ஒட்டிக்கொண்டிருக்கும் பெயரையும் நிரல் இருக்கும் முகவரியையும் மறைக்க வேண்டும். இத்தனைக்குப் பிறகும், பல்லாயிரம் கணினிகளில் சோதித்தோம் என்று எழுதினால் அது எந்த ஊர் நிறுவனம் என்று ஊகிக்க அதிக நேரம் ஆகாது. சிறிய கல்லூரியின் பெயரைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கும் பழக்கத்தையாவது இந்த மறைப்பு தடுக்கிறது. என் பார்வையில் அதற்காகவே இது வேண்டும்.

எதை அளப்பது, எதை அணைப்பது

லெவினும் ரெடெலும் கேட்ட கேள்விகள் எளிமையானவை. இதில் புதிது என்ன? அது கட்டப்பட்டதா? வேறு வழிகள் இருந்தும் ஏன் இந்த வழி? முன்பு செய்தவர்களிடமிருந்து இது எங்கே விலகுகிறது? படித்து முடிப்பவர் எதைக் கற்றுக்கொண்டு எழுந்திருப்பார்? கடைசிக் கேள்விக்குத்தான் பல கட்டுரைகளில் பதில் இருக்காது. ‘நாங்கள் இப்படி ஒன்று கட்டினோம், ஓடுகிறது’ என்பது பயனர் கையேடு. ஏன் ஓடுகிறது, எங்கே தடுமாறுகிறது என்று சொன்னால்தான் அது ஆய்வு.

நல்ல சோதனைப் பகுதி எப்படி இருக்கும் என்பதற்கு, ஜெஃப் டீனும் சஞ்சய் கெமாவத்தும் 2004இல் ஓஎஸ்டிஐயில் வைத்த மேப்ரெடியூஸ் கட்டுரையைப் பார்க்கலாம். ஆயிரக்கணக்கான சாதாரணக் கணினிகளுக்கு ஒரு பெரிய வேலையைப் பிரித்துக் கொடுத்து வாங்கும் முறை அது. சுமார் 1,800 கணினிகளில், தலா 100 பைட் கொண்ட ஆயிரம் கோடிப் பதிவுகளை வரிசைப்படுத்த 891 விநாடி ஆயிற்று. பலர் இந்த எண்ணோடு திருப்தி அடைந்திருப்பார்கள். இவர்கள் தங்கள் அமைப்பைத் தாங்களே சீண்டிப் பார்த்தார்கள்.

பெரிய கூட்டத்தில் ஒன்றிரண்டு கணினிகள் காரணமில்லாமல் மெதுவாக ஓடும். அவை முடிக்கும்வரை மொத்த வேலையும் காத்துக் கிடக்கும். அதனால், வேலை முடியும் தறுவாயில் மிச்சமிருக்கும் துண்டுகளை வேறு கணினிகளுக்கும் கொடுத்து, யார் முதலில் முடித்தாலும் சரி என்று எடுத்துக்கொள்ளும் ஓர் ஏற்பாடு வைத்திருந்தார்கள். அதை அணைத்துவிட்டு மறுபடி ஓட்டினார்கள். 1,283 விநாடி. 44 சதவீதம் கூடுதல். அந்த ஓர் ஏற்பாட்டின் மதிப்பு என்ன என்பதை இனி யாரும் கேட்க முடியாது. அடுத்து, ஓடிக்கொண்டிருந்த 1,746 பணிச் செயல்முறைகளில் 200ஐ வேண்டுமென்றே நடுவழியில் கொன்றார்கள். 933 விநாடியில் வேலை முடிந்தது. இழப்பு 5 சதவீதம்தான். அமைப்பு பழுதைத் தாங்கும் என்று எத்தனை பத்தி எழுதினாலும் அந்த ஓர் எண்ணுக்கு ஈடாகாது.

நமக்கு 1,800 கணினிகள் ஏது என்று கேட்கலாம். முறைதான் முக்கியம்: ஒவ்வொரு புது ஏற்பாட்டையும் தனியாக அணைத்துப் பார், அமைப்பு உடையும் இடத்தைத் தேடிப் போ. இரண்டு கணினிகளிலும் இதைச் செய்யலாம். யாரோடு ஒப்பிடுகிறோம் என்பதும் அதே அளவு முக்கியம். நோஞ்சானோடு மல்லுக்கட்டி ஜெயித்ததைப் பெருமையாக எழுதினால், ‘எதிராளியின் மென்பொருளை ஒழுங்காக அமைத்துத்தான் ஓட்டினீர்களா?’ என்று மதிப்பீட்டாளர் கேட்பார்.

எல்லாக் கட்டுரைக்கும் வேகம்தான் அளவு என்றும் இல்லை. 2009இல் எஸ்ஓஎஸ்பியில் வந்த எஸ்இஎல்4 கட்டுரை, 8,700 வரி சி மொழி நிரல் கொண்ட ஓர் இயங்குதளக் கரு தன் வரையறையை மீறாது என்று கணித முறையில் நிறுவியது. அதற்குத் தேவைப்பட்ட நிரூபணம் சுமார் 2 லட்சம் வரி. அந்தச் செலவையும் கட்டுரையே எடுத்து வைத்தது. அது மறைக்க வேண்டிய தகவல் அல்ல. படிப்பவர் கற்றுக்கொள்ள வேண்டியதில் பாதி அதுதான்.

குழுவுக்குள்

கட்டுரை போய்ச் சேர்ந்ததும் முதல் சுற்றில் இரண்டு மூன்று பேர் படிப்பார்கள். தேறாது என்று தெரிபவை அங்கேயே நின்றுவிடும். மிஞ்சியவற்றுக்குக் கூடுதலாகச் சிலர். விவாதத்துக்கு வரும் கட்டுரையை ஐந்து பேர்வரை படித்திருப்பார்கள். நடுவே பல மாநாடுகளில் எழுதியவருக்குப் பதில் சொல்லச் சிறு வாய்ப்பு உண்டு. அது சில நூறு சொற்களுக்குள் தவறான புரிதலைத் திருத்தும் இடம். கோபத்தைக் கொட்டினால் உள்ள ஆதரவும் போகும். பிறகு குழு கூடி ஒவ்வொன்றாகப் பேசி முடிவெடுக்கும்.

வாசல் குறுகலானது. 2019 எஸ்ஓஎஸ்பிக்கு வந்தவை 276, தேர்வானவை 38. 2020 ஓஎஸ்டிஐக்கு வந்தவை 398, தேர்வானவை 70. இந்தத் தீர்ப்புகளில் அதிர்ஷ்டத்துக்கு எவ்வளவு பங்கு? இயந்திரக் கற்றல் துறையின் பெரிய மாநாடு ஒன்று 2014இல் இதைச் சோதித்துப் பார்த்தது. 166 கட்டுரைகளை, ஒன்றையொன்று அறியாத இரு குழுக்களிடம் கொடுத்தார்கள். 43 கட்டுரைகளில் தீர்ப்பு மாறியது. அதாவது நான்கில் ஒன்று. மிக நல்லதும் மிக மோசமானதும் எந்தக் குழுவிலும் அதே கதியைத்தான் அடையும் என்று நினைக்கிறேன். நடுவில் நிற்பவற்றுக்குத்தான் யார் கையில் விழுந்தது என்பது முக்கியமாகிவிடுகிறது. இயங்குதள மாநாடுகள் இதற்கு விலக்கு என்று நம்பக் காரணம் ஏதும் எனக்குத் தெரியவில்லை.

தேர்வானாலும் வேலை முடியாது. குழு உறுப்பினர் ஒருவர் ‘ஷெப்பர்டு’ என்ற பொறுப்பில் கூடவே இருந்து, மதிப்பீட்டாளர்கள் கேட்ட திருத்தங்கள் நடந்திருக்கின்றனவா என்று பார்த்த பிறகே இறுதி வடிவம் அச்சுக்குப் போகும். விருப்பமுள்ளவர்கள் தங்கள் நிரலையும் தரவையும் தனிக் குழுவிடம் ஒப்படைக்கலாம். பெரும்பாலும் ஆய்வு மாணவர்களே இருக்கும் அந்தக் குழு, நிரலை இறக்கி, ஓட்டி, கட்டுரையில் உள்ள எண்கள் மறுபடி வருகின்றனவா என்று சோதித்து முத்திரை தரும். எஸ்ஓஎஸ்பியில் இது 2019இலும் ஓஎஸ்டிஐயில் 2020இலும் வந்தது. தேர்வு முடிவை இது மாற்றாது. ஆனால் அடுத்தவர் அந்த ஆய்வின் மேல் தன் ஆய்வைக் கட்டுவதற்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

இன்னும் கட்டப்படாத யோசனைக்கும் ஓர் இடம் உண்டு. ஒற்றைப்படை ஆண்டுகளில் நடக்கும் ஹாட்ஓஎஸ் என்ற பயிலரங்கில், ஐந்தாறு பக்கங்களில் துணிச்சலான கருத்தை வைத்தால் போதும். அங்கே சூடான விவாதம்தான் எதிர்பார்ப்பு. முன்மாதிரிகளைத் தேடுபவர்களுக்கு யூஸ்நிக்ஸின் மாநாட்டுக் கட்டுரைகள் 2008 முதல் கட்டணமின்றித் திறந்து கிடக்கின்றன.

தள்ளுபடியான கட்டுரையோடு, அதைப் படித்தவர்களின் விரிவான குறிப்புகளும் கைக்கு வரும். ஒரே நேரத்தில் இரண்டு மாநாடுகளுக்கு அனுப்பத் தடை இருப்பதால், அந்தக் குறிப்புகள் வந்த பிறகுதான் அடுத்த வாசலைத் தட்ட முடியும். ஐரோப்பாவில் 2006 முதல் நடக்கும் யூரோசிஸ் போன்ற மாநாடுகள் அடுத்த சில மாதங்களிலேயே வாய்ப்புத் தருகின்றன. தலைப்பை மட்டும் மாற்றி அப்படியே அனுப்புபவர்களும் இருக்கிறார்கள். இந்தத் துறை சின்னது. எல்லா மாநாட்டுக் குழுக்களிலும் கிட்டத்தட்ட அதே முகங்கள்தான். போன முறை படித்தவர் கையிலேயே கட்டுரை மறுபடி விழுந்தால், அவர் சுட்டிய குறை அப்படியே இருப்பதை முதல் பக்கத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். முன்பு எங்கே அனுப்பினீர்கள், அதன் பிறகு என்ன மாற்றினீர்கள் என்று தனிக் குறிப்பாகவே எழுதி இணைக்கச் சொல்லும் மாநாடுகளும் இப்போது உண்டு.