இருபது அணிகள் வந்தால் நியாயம் கூடும்

2017ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஃபுட்பால் லீக்கின் முதல் கட்டம் முடிந்தபோது, மெல்போர்ன், வெஸ்ட் கோஸ்ட் இரண்டு அணிகளும் 22 ஆட்டங்களில் 12 வெற்றி, 10 தோல்வி என்று சமமாக நின்றன. மிச்சமிருந்தது எட்டாவது இடம். அதைப் பிடிக்கும் அணிக்கு இறுதிச் சுற்றுகளில் ஆட இடம் உண்டு, ஒன்பதாவது அணிக்கு அந்த ஆண்டு அதோடு முடிந்தது. இப்படிச் சமநிலை வந்தால் ஓர் அணி அடித்த புள்ளிகளை, விட்டுக்கொடுத்த புள்ளிகளால் வகுத்துச் சதவீதம் பார்ப்பார்கள். வெஸ்ட் கோஸ்டுக்கு 105.7, மெல்போர்னுக்கு 105.2. 2006க்குப் பிறகு இறுதிச் சுற்றையே காணாத மெல்போர்ன், அந்த அரைப் புள்ளியில் வெளியேறியது. எல்லா அணிகளும் ஒரே எதிரணிகளோடு ஒரே எண்ணிக்கையில் ஆடியிருந்தால் அந்த அரைப் புள்ளியை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த லீக்கில் அப்படி ஆடுவதில்லை. ஒவ்வோர் அணியும் சில எதிரணிகளை இருமுறையும் மற்றவற்றை ஒருமுறையும் சந்திக்கிறது. யார் யாரை இருமுறை சந்திப்பது என்பதை லீக் நிர்வாகம் முடிவு செய்கிறது. புள்ளிப்பட்டியலைப் பற்றி அந்நாட்டு ரசிகர்கள் ஆண்டுதோறும் நடத்தும் சண்டையின் வேர் இதுதான்.

ஆட்டத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1859இல் மெல்போர்னில் இதன் விதிகள் முதன்முதலாக எழுதப்பட்டன. கிரிக்கெட் மைதானம் போன்ற நீள்வட்டத் திடலில் பக்கத்துக்கு 18 பேர், முட்டை வடிவப் பந்து, இரு முனையிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடுக் கம்பங்களுக்கு இடையே உதைத்தால் 6 புள்ளி, ஓரக் கம்பங்களுக்குள் போனால் 1 புள்ளி. ஆஃப்சைடு கிடையாது, ஆட்டம் ஓடும்போது எந்த வீரரும் எங்கும் நிற்கலாம். தேசிய லீக்கில் இன்று 18 அணிகள் ஆடுகின்றன, அவற்றில் 10 விக்டோரியா மாநிலத்தவை. 2028இல் டாஸ்மேனியா பத்தொன்பதாவது அணியாகச் சேரவிருக்கிறது. இருபதாவது அணி பற்றிய பேச்சும் தொடங்கிவிட்டது. அணிகள் பெருகப் பெருக அட்டவணை இன்னும் கோணலாகும், ஆட்டத்தின் தரமும் நீர்த்துப்போகும் என்பது ரசிகர்களில் பெரும்பகுதியினரின் கவலை. கணக்குப் போட்டுப் பார்த்தால் விடை நேர்மாறாக வருகிறது. நியாயமான அட்டவணைக்கு இன்று இருக்கும் நடைமுறை வழி அணிகளைக் கூட்டுவதுதான்.

1970 முதல் 1986 வரை, இந்த லீக்கின் முன்வடிவமான விக்டோரியா ஃபுட்பால் லீக்கில் 12 அணிகள் இருந்தன, ஆளுக்கு 22 ஆட்டங்கள். பதினோரு எதிரணிகள், ஒவ்வொன்றையும் இருமுறை, ஒன்று சொந்த ஊரில், ஒன்று வெளியூரில். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. முதிய ரசிகர்கள் இன்றும் ஏங்குவது அந்தக் கணக்குக்குத்தான். 1987இல் பெர்த்திலிருந்து வெஸ்ட் கோஸ்டும் குயின்ஸ்லாந்திலிருந்து பிரிஸ்பேன் பேர்ஸும் வந்ததும் 14 அணிகளாயின. ஆட்டங்கள் 22 என்றே நின்றதால் 9 எதிரணிகளை இருமுறை, 4 எதிரணிகளை ஒருமுறை சந்திக்க வேண்டியதாயிற்று. இடையே இன்னோர் அணி சேர்ந்து, 1995இல் ஃப்ரீமேன்டிலும் வந்து 16 அணிகள் ஆனபோது 7 இருமுறை, 8 ஒருமுறை. 2012இல் 18 அணிகளானபோது 5 இருமுறை, 12 ஒருமுறை. ஆற்றைக் கடப்பவனுக்கு நடுவில்தான் ஆழம். எல்லாரையும் இருமுறை சந்திப்பது ஒரு கரை, எல்லாரையும் ஒருமுறை சந்திப்பது மறுகரை, பாதிக்குப் பாதி என்று நிற்கும் இடம்தான் மிகவும் மோசம். 16 அணிகள் இருந்த காலத்தில் லீக் அந்த நடு ஆழத்தில் நின்றது. அதற்குப் பிறகு சேர்ந்த கோல்டு கோஸ்டும் கிரேட்டர் வெஸ்டர்ன் சிட்னியும் அதை மறுகரைப் பக்கம் நகர்த்தின. 2023இல்தான் மறுபடி ஓர் அடி பின்வாங்கியது. அந்த ஆண்டு புதிய அணி எதுவும் வரவில்லை. அடிலெய்டில் எல்லா அணிகளும் கூடி ஆடும் ‘கேதர் ரவுண்டு’ என்ற கூடுதல் சுற்று சேர்க்கப்பட்டு ஆட்டங்கள் 23 ஆயின, இருமுறை சந்திப்பவை 6 ஆயின. கோணலைக் கூட்டியது கூடுதல் ஆட்டமே ஒழிய கூடுதல் அணி அல்ல.

பழைய கரைக்கே திரும்பினால் என்ன என்று கேட்கலாம். 18 அணிகள் இருமுறை சந்திக்க 34 ஆட்டங்கள் வேண்டும். நடுக்கள வீரர் ஓர் ஆட்டத்தில் 12 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, முழு வேகத்தில் உடலோடு உடல் மோதும் இந்த விளையாட்டில் அது நடக்காத காரியம். அணிகளைக் குறைப்பது அதைவிடக் கொடியது. 12 அணிகளின் அந்தச் சமமான அட்டவணை எந்தக் கிளப்பையும் கடனிலிருந்து காப்பாற்றவில்லை. சவுத் மெல்போர்ன் பிழைப்புக்காக 1982இல் சிட்னிக்குப் போனது. லீக்கைத் தொடங்கிய எட்டுக் கிளப்புகளில் ஒன்றான ஃபிட்ஸ்ராய் 1996இல் தனி அணியாக இல்லாமல் போய், பிரிஸ்பேனோடு இணைக்கப்பட்டது. அதே ஆண்டு மெல்போர்னையும் ஹாதார்னையும் இணைக்க வாக்கெடுப்பு நடந்தது. மெல்போர்ன் உறுப்பினர்கள் ஏற்றார்கள், ஹாதார்ன் உறுப்பினர்கள் மறுத்துவிட்டார்கள். அந்த மறுப்பால் பிழைத்த ஹாதார்ன் அதன்பின் 2008, 2013, 2014, 2015 என நான்கு முறை கோப்பையை வென்றது. ஒரு கிளப்பை மூடுவது கணக்கில் ஒரு வரியை அடிப்பதல்ல. தலைமுறைகள் தொடர்ந்து சேர்த்துவைத்த ஒன்றை அழிப்பது. அந்த வழியை யாரும் இனி முன்மொழியக்கூடாது என்றே நினைக்கிறேன்.

ஆக, முன்னே போக வேண்டியதுதான். இன்று 18 அணிகள் ஆளுக்கு 23 ஆட்டம் ஆடினால் மொத்தம் 207 ஆட்டங்கள். தொலைக்காட்சி நிறுவனங்கள் காசு கொடுப்பது இந்த மொத்தத்துக்குத்தான். 2025 முதல் 2031 வரையிலான ஒளிபரப்பு ஒப்பந்தத்தின் மதிப்பு 450 கோடி ஆஸ்திரேலிய டாலர். டாஸ்மேனியா சேர்ந்து 19 அணிகளானால் ஆளுக்கு 23 ஆட்டம் என்பது நடக்கவே நடக்காது. ஓர் ஆட்டத்துக்கு இரண்டு அணிகள் வேண்டும், 19ஐ 23ஆல் பெருக்கினால் ஒற்றைப்படை எண் வருகிறது. 22 ஆட்டம் என்று வைத்தால் மொத்தம் 209, இன்றைவிட இரண்டு கூடுதல். இருமுறை சந்திக்கும் எதிரணிகளோ ஆறிலிருந்து நான்காகக் குறைகின்றன. 20 அணிகளானால் கணக்கு இன்னும் அழகாகிறது. ஆளுக்கு 21 ஆட்டம் போதும், மொத்தம் 210. எல்லா 19 எதிரணிகளையும் ஒருமுறை, இரண்டை மட்டும் மறுமுறை. இன்று ஓர் அணியின் ஆட்டங்களில் கால் பங்குக்கு மேல் மறுசந்திப்பில் சேர்கின்றன, அப்போது பத்தில் ஒரு பங்குகூட இருக்காது. சொந்தத் திடலில் 9, வெளியூரில் 9, கேதர் ரவுண்டில் 1 என 19 ஆட்டங்களும் சமமாகப் பிரியும். மறுசந்திப்பு இரண்டில் ஒன்று சொந்த ஊரில், ஒன்று வெளியூரில்.

அந்த இரண்டு மறுசந்திப்புகளில் ஒன்றை ஊர்ப்பகைக்கு ஒதுக்கலாம். பெர்த்தில் வெஸ்ட் கோஸ்டும் ஃப்ரீமேன்டிலும், அடிலெய்டில் அடிலெய்டும் போர்ட் அடிலெய்டும், சிட்னியின் இரண்டு அணிகள், குயின்ஸ்லாந்தின் இரண்டு அணிகள், விக்டோரியாவின் பத்தும் ஐந்து ஜோடிகள், டாஸ்மேனியாவுக்கு இருபதாவது அணி. பத்து ஜோடிகள் எவரையும் தனியே விடாமல் அமைந்துவிடுகின்றன. மற்றொன்றை எல்லார் முன்னிலையிலும் குலுக்கல் போட்டு முடிவு செய்யலாம். கூட்டம் சேரும் ஆட்டங்கள் குறைந்துவிடுமே என்ற கவலைக்கு இதுவே பதில். 1995 முதல் ஏப்ரல் 25 அன்று காலிங்வுட், எசண்டன் ஆடும் அன்சாக் போர் நினைவு நாள் ஆட்டம் ஆண்டுக்கு ஒன்றுதான், அதை யாரும் தொடவேண்டியதில்லை. கிளப்புகளுக்குச் சொந்தத் திடலில் ஓர் ஆட்டம் குறையும் என்பது உண்மையான இழப்பு, சிறிய கிளப்புகளுக்கு அது வலிக்கும். மொத்த ஆட்டங்கள் குறையாததால் ஒளிபரப்பு வருவாய் குறைய வேண்டிய காரணமில்லை. அதிலிருந்து அவர்களுக்கு ஈடுசெய்வது லீக்கின் கடமை.

அடுத்த எதிர்ப்பு தரம் பற்றியது. ஓர் அணிக்கு நாற்பதுக்கும் மேற்பட்ட வீரர்கள் வேண்டும், இரண்டு அணிகள் கூடினால் கத்துக்குட்டிகள் களமிறங்குவார்கள், ஆட்டம் சவசவ என்றாகும் என்கிறார்கள். இப்படிச் சொல்பவர்கள் காட்டும் சான்று, புள்ளிகள் குறைந்துவருவது. குறைந்தது உண்மைதான். ஆனால் எப்போது குறைந்தது? 12 அணிகள் இருந்த 1982இல் ஓர் அணி சராசரியாக ஓர் ஆட்டத்தில் 100க்கு மேல் அடித்தது. 16 அணிகள் இருந்த 2000த்திலும் அதே 100க்கு மேல்தான். 2018இல் அது 80ஐ ஒட்டி வந்துவிட்டது. முதல் நான்கு அணிகள் கூடியபோது அசையாத எண், கடைசி இரண்டுக்காக மட்டும் சரிந்தது என்று நம்ப முடியவில்லை. நடுவே மாறியது பயிற்சியாளர்களின் சிந்தனை. 2000த்தில் எசண்டன் 25 ஆட்டங்களில் ஒன்றே ஒன்றில்தான் தோற்றது. அந்தத் தோல்வியைத் தந்த வெஸ்டர்ன் புல்டாக்ஸ் பயிற்சியாளர் டெர்ரி வாலஸ், தன் வீரர்களைக் கூட்டமாகப் பின்னுக்கு இழுத்து எதிரணி கோல் அடிக்கும் பகுதியை அடைத்துவிட்டார். ஆஃப்சைடு இல்லாத விளையாட்டில் இதைத் தடுக்க அப்போது விதியே இல்லை. 2005இல் பால் ரூஸின் சிட்னி, நெருக்கிப் பிடித்து ஆடும் முறையாலேயே கோப்பையை வென்றது. லீக்கின் தலைமை அதிகாரியே அந்த ஆண்டு அவர்கள் ஆட்டத்தைப் பகிரங்கமாகக் குறைகூறியிருந்தார். 2008இல் அலஸ்டேர் கிளார்க்சனின் ஹாதார்ன் ஆளுக்கு ஆள் காவல் என்ற பழக்கத்தை விட்டு இடத்தைக் காவல் காத்தது. 2010இல் மிக் மால்ட்ஹவுஸின் காலிங்வுட் அந்தக் காவல் வளையத்தை அப்படியே எதிரணிப் பாதிக்கு ஏற்றிச் சென்றது. இவர்கள் யாரும் கத்துக்குட்டிகளை வைத்துக்கொண்டு சமாளித்தவர்கள் அல்லர். கடைசி மூவரும் சாம்பியன்கள்.

லீக்கும் இதை அறிந்தே வைத்திருக்கிறது. 2014இல் மாற்று வீரர் சுழற்சிக்கு ஆட்டத்துக்கு 120 என்று வரம்பு போட்டு, 2016இல் 90 ஆகவும் 2021இல் 75 ஆகவும் இறுக்கியது, களைப்படைந்த வீரர்கள் திடல் முழுக்க ஓடி அடைக்க முடியாது என்பதற்காக. 2019இல் ஒவ்வொரு நடுத்திடல் தொடக்கத்திலும் மூன்று பகுதிகளிலும் ஆறு ஆறு பேர் நிற்க வேண்டும் என்றது. நோய் வியூகத்தில் இருக்கிறது, மருந்தும் அங்கேதான் போகிறது. வீரர்கள் போதாது என்ற வாதத்துக்கு இன்னொரு விடை உண்டு. 1986இல் ஆஸ்திரேலியாவின் மக்கள்தொகை சுமார் 1.6 கோடி. அப்போது விக்டோரியா லீக்கின் 12 கிளப்புகளோடு, தெற்கு ஆஸ்திரேலியாவின் 10, மேற்கு ஆஸ்திரேலியாவின் 8 என்று முப்பது கிளப்புகள் அந்தந்த மாநிலத்தின் உச்ச நிலையில் ஆடின. சிறந்தவர்கள் பலர் விக்டோரியாவுக்குப் போனார்கள் என்பது உண்மை, எல்லாரும் போகவில்லை. இன்று மக்கள்தொகை 2.7 கோடியைத் தாண்டிவிட்டது. உச்சநிலைக் கிளப்புகள் 20 என்றால் அது மிகையல்ல.

வேறு சில தீர்வுகளும் பேசப்படுகின்றன. இரண்டு பிரிவுகளாகப் பிரிப்பது ஒன்று. பத்து விக்டோரியா அணிகள் ஒருபுறம், மற்ற பத்தும் மறுபுறம் என்றுதான் அது முடியும், தேசிய லீக் மறுபடி மாநில லீக்காகிவிடும். இன்னொன்று 2026 முதல் நடைமுறைக்கு வரும் வைல்ட்கார்டு சுற்று. ஏழாவது முதல் பத்தாவது வரையிலான அணிகள் மோதி இருவர் மேலே போவார்கள். 2017இல் அது இருந்திருந்தால் மெல்போர்னுக்கு இன்னொரு வாய்ப்புக் கிடைத்திருக்கும். ஆனால் கோடு பத்தாவது இடத்துக்கு நகர்ந்ததே தவிர மறையவில்லை, அடுத்த அரைப் புள்ளிச் சண்டை பத்துக்கும் பதினொன்றுக்கும் இடையே வரும்.

அட்டவணை ஒன்றே அநீதியல்ல என்பவர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது. பெர்த் அணிகள் ஆண்டுக்குப் பத்து முறை வரை வெளிமாநிலங்களுக்குப் பறந்து ஆடித் திரும்புகின்றன, மெல்போர்னுக்கே 2,700 கிலோமீட்டர். காலிங்வுட் பெரும்பாலான வாரங்கள் ஊரைவிட்டு நகர்வதில்லை. கிராண்ட் ஃபைனல் 2059 வரை மெல்போர்ன் கிரிக்கெட் மைதானத்தில்தான் என்று ஒப்பந்தமும் இருக்கிறது. இவற்றை இருபது அணிகளாலும் சரிசெய்ய முடியாது. ஆனால் எல்லாரையும் ஒருமுறை சந்திக்கும் அட்டவணையில், இந்த ஆண்டு பெர்த்தில் ஆடினால் அடுத்த ஆண்டு மெல்போர்னில் என்று எளிய விதியொன்றை எழுதிவிடலாம். இது வெறும் கற்பனையும் இல்லை. பெருந்தொற்று ஆண்டான 2020இல் 18 அணிகளும் ஆளுக்கு 17 ஆட்டங்கள், எல்லாரையும் ஒரே ஒருமுறை ஆடின. நெருக்கடியில் ஊர் ஊராக அடைபட்டு ஆடிய காலம் அது, சொந்தத் திடல் என்பதே பலருக்கு இல்லை. ஆனாலும் யாரை எத்தனை முறை சந்தித்தீர்கள் என்ற கேள்வி அந்த ஆண்டுப் புள்ளிப்பட்டியலின்மீது எழவில்லை.

டாஸ்மேனியா இந்த லீக்குக்குத் தாமதமாக வருகிறது. 1971இல் ஒரே பருவத்தில் 150 கோல் அடித்த பீட்டர் ஹட்சன் அந்தத் தீவுக்காரர். ராய்ஸ் ஹார்ட், டாரெல் பால்டாக் என்று பெரும் பெயர்களை மெல்போர்னுக்கு அனுப்பிவைத்த ஊருக்குச் சொந்த அணி இல்லாமலே இருந்தது. 2024இல் ‘டெவில்ஸ்’ என்ற பெயர் அறிவிக்கப்பட்டதும், 10 டாலர் கட்டிச் சேர்ந்த உறுப்பினர்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டினார்கள். ஹோபார்ட்டில் 23,000 பேர் அமரும் புதிய அரங்கைக் கட்டுவது பற்றிய சண்டை மாநில அரசியலையே உலுக்கி, 2025 இறுதியில்தான் நாடாளுமன்றத்தின் ஒப்புதல் கிடைத்தது. 19 அணிகள் என்றால் வாரந்தோறும் ஒருவர் சும்மா இருக்க வேண்டும், ஆகவே இருபதாவது அணியை நெடுங்காலம் தள்ளிப்போட முடியாது. கான்பெரா, பெர்த்தில் மூன்றாவது அணி, டார்வின் என்று பெயர்கள் அடிபடுகின்றன. புகழ்பெற்ற வீரர்களைக் கொண்ட ரியோலி குடும்பத்தைத் தந்த திவி தீவுகளை அருகில் கொண்ட டார்வினுக்கே என் மனம் சாய்கிறது, ஆள் குறைவு, வெயில் அதிகம் என்ற தடைகள் தெரிந்தும். எந்த ஊராக இருந்தாலும், 2031இல் ஒளிபரப்பு ஒப்பந்தம் முடிவதற்குள் முடிவெடுக்க வேண்டும். அடுத்த ஒப்பந்தத்தில் ஆளுக்கு 23 ஆட்டம் என்று எழுதிக் கையெழுத்திட்டுவிட்டால், இருபது அணிகள் வந்தும் நான்கு மறுசந்திப்புகள் ஒட்டிக்கொள்ளும். ரசிகர்கள் இப்போதே கேட்க வேண்டியது 21 என்ற எண்ணை.