எந்தப் போனை வாங்குவது, மிஸ்?

2025ஆம் ஆண்டு ஆவணி மாதம் புதுக்குடியிருப்புப் பக்கத்துக் கிராமமொன்றில் எமது மாதாந்தக் கூட்டம் முடிந்து எல்லோரும் கலைந்த பின்னரும் ஒரு சகோதரி மட்டும் எழும்பாமல் இருந்தார். மடியில் ஒரு பொலித்தீன் பை. அதற்குள்ளே மற்றுமொரு பை. அதற்குள்ளே துணியிற் சுற்றிய கைத்தொலைபேசி. திரை முற்றாகக் கறுத்திருந்தது. சார்ஜரில் போட்டால் சிறிது நடுங்கும், வேறொன்றும் இல்லை.

“இதுக்குள்ளதான் மிஸ் அவர் இருக்கிறார்” என்றார்.

அவருடைய கணவர் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் காணாமலாக்கப்பட்டவர். மாத்தளனிலிருந்து முள்ளிவாய்க்கால் வரை இடம்பெயர்ந்த நாட்களில் அடையாள அட்டையும் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களும் மாத்திரமே கையோடு வந்தன. கலியாண அல்பம் எந்தப் பதுங்குகுழியில் விடுபட்டதென்று அவருக்கு இன்றுவரை தெரியாது. பத்து ஆண்டுகள் கழித்துத்தான் கனடாவிலிருந்த ஒன்றுவிட்ட அக்கா தன்னிடமிருந்த படமொன்றை வட்ஸ்அப்பில் அனுப்பியிருந்தார். அந்த அக்காவும் இப்போது உயிரோடு இல்லை. ஆகவே அந்தப் படம் உலகத்தில் ஒரேயொரு இடத்தில்தான் இருந்தது. அந்த இடந்தான் கறுத்துப் போயிருந்தது.

கூகுள் கணக்கில் படங்கள் சேமிக்கப்பட்டிருக்குமே என்று கேட்டேன். போன் வாங்கிய கடையில் ஒரு பையன் ஏதோ மின்னஞ்சல் முகவரி ஒன்றை உண்டாக்கிக் கொடுத்தானாம். அது என்ன முகவரி, கடவுச்சொல் என்ன என்பது அவருக்குத் தெரியாது. பையனுக்கும் நினைவில்லை. கடையே இப்போது அங்கில்லை. எமது கிராமங்களில் இருபது பெண்களைக் கேட்டால் அநேகமானோர் இதே கதையைத்தான் சொல்வார்கள். பிறர் திறந்த கணக்கில், பிறர் போட்ட கடவுச்சொல்லில் எமது சீவியம் ஓடிக்கொண்டிருக்கிறது.

கிளிநொச்சியில் திருத்துநர் ஒருவர் வேறொரு திரையைத் தற்காலிகமாகப் பொருத்திப் படங்களை எடுத்துத் தந்தார். அந்தப் போனை இனி நம்ப முடியாது, தாய்ப்பலகை பழுதாகிவிட்டது என்றும் சொன்னார். இதற்குப் பின்னர்தான் புதிய போன் பற்றிய கதை வந்தது.

கோழியும் பனையோலைக் கைவேலையும் சீட்டுக்காசும் சேர்ந்து அவரிடம் 40,000 ரூபா இருந்தது. நான், அவர், அவருடைய தம்பியார் மூவருமாகக் கடைக்குப் போனோம். கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு வரிசை. ஒன்று சாம்சங், மற்றது ரெட்மி. எமது ஊர்க் கடைகளில் பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் இடையில்தான் போட்டி. கடைக்காரர் எல்லா விளக்கத்தையும் தம்பியாருக்கே சொன்னார். காசு வைத்திருந்தவர் அக்கா. பாவிக்கப் போகிறவர் அக்கா. விலை மட்டும் தம்பிக்குச் சொல்லப்பட்டது. தம்பியாரும் கமெரா எத்தனை மெகாபிக்சல், விளையாட்டு விளையாடினால் சூடாகுமா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா கோழிக்குஞ்சு விற்பவர், விளையாட்டு விளையாடுபவர் அல்ல.

“எந்தப் போனை வாங்குவது, மிஸ்? நீங்களே சொல்லுங்கோ” என்று அவர் என் பக்கம் திரும்பினார்.

நான் உடனே சாம்சங் என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன்? நான் பாவிப்பது சாம்சங். வேறு காரணமில்லை. சமூகவியல் படித்து, பயனாளிகளின் தேவையறிதல் பற்றிப் பயிற்சிப்பட்டறை நடத்துகிற நான் ஒரு பெண்ணின் தேவை என்னவென்று கேளாமலே பதில் சொல்லிவிட்டேன். வாய் மூடுவதற்குள் வெட்கமாகிவிட்டது. இன்றைக்கு வேண்டாம், நாளைக்கு வருவோம் என்று சொல்லி எழுந்து வந்தோம். தம்பியாருக்குச் சிறிது கோபந்தான்.

பஸ் தரிப்பிடத்தில் இருந்துகொண்டு கேட்டேன்: ஒரு நாளில் போனை எதற்கெல்லாம் எடுக்கிறீர்கள்? அவர் சொன்னவற்றைக் கொப்பியில் எழுதினேன். கொழும்பிலிருக்கும் மகளோடு வீடியோவில் கதைக்க. கடகம், பெட்டிகளின் படம் எடுத்து வாங்குபவருக்கு அனுப்ப. அஸ்வெசும காசு வங்கிக்கு வந்ததா என்று குறுஞ்செய்தி பார்க்க. மாலையில் வானொலி கேட்க. இரவில் வெளியே போக ரோர்ச் அடிக்க. பிறகு சிறிது நேரம் பேசாமலிருந்து, “அவரைப் பார்க்க” என்றார். இடது காது ஷெல் சத்தத்திற்குப் பிறகு சரியாகக் கேட்பதில்லை என்பதையும் அப்போதுதான் சொன்னார். எட்டாம் வகுப்புவரை படித்தவர். எழுதுவதைவிடக் குரற்பதிவு அனுப்புவதே அவருக்கு இலகு.

இந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு பார்த்தபோது இரண்டு கம்பனிகளின் பெயர்ப் பெருமையும் எனக்குச் சிறுத்துப் போயிற்று. சாம்சங் 1938இல் தென் கொரியாவில் தொடங்கிய பழைய நிறுவனம். ரெட்மியைச் செய்யும் சியோமி 2010இல் பீஜிங்கில் தொடங்கியது. இரண்டிலும் ஓடுவது கூகுளின் அன்ட்ரொயிட்தான். வட்ஸ்அப்பும் வங்கிச் செயலியும் இரண்டிலும் ஒரேமாதிரித்தான் இயங்கும். தமிழில் பேசினால் தானே எழுதிக்கொள்ளும் வசதியும் கூகுளின் விசைப்பலகையில் இருப்பதால் எந்தப் போனிலும் கிடைக்கும். மிச்சமிருக்கும் வித்தியாசங்கள் சில. அவைதாம் எமக்கு முக்கியம்.

முதலாவது, எத்தனை வருடம் உழைக்கும் என்பது. 2024இன் கடைசிப் பகுதியில் வந்த சாம்சங் ஏ16 என்ற மாதிரிக்கு ஆறு வருடங்கள் பாதுகாப்பு மேம்படுத்தல் தருவதாக அந்த நிறுவனம் உறுதி கூறியிருக்கிறது. அதே ஆண்டில் வந்த ரெட்மி 14சி இவ்வளவு நீண்ட உறுதி தரவில்லை. சாம்சங்கின் மலிவான ஏ06க்கும் அந்த ஆறு வருட உறுதி கிடையாது. எனவே “சாம்சங் என்றால் நீடிக்கும்” என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. எந்த மாதிரி என்பதே கேள்வி. மேம்படுத்தல் ஏன் தேவையென்றால், பழைய மென்பொருளைச் செயலிகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுவிடும். 2023 ஒக்டோபரில் வட்ஸ்அப், அன்ட்ரொயிட் 5க்கு முந்திய போன்களில் வேலை செய்வதை நிறுத்திக்கொண்டது. வங்கிச் செயலிகள் இன்னும் முன்னதாகவே முகம் திருப்பும்.

இரண்டாவது, உடைந்தால் என்ன செய்வது. ஏ16இன் திரை அமோலெட் வகை. பார்க்க அழகு. ரெட்மி 14சியினுடையது எல்சிடி. நிறம் சற்று மங்கல்தான். ஆனால் பொதுவாக எல்சிடி திரையை மாற்றும் செலவு அமோலெட்டைவிடக் குறைவு. கோழிக்கூட்டுக்கும் கிணற்றடிக்கும் போனோடு ஓடுகிற ஒருவருக்கு இது சின்ன விடயமல்ல. மறுபக்கம், தூசி, நீர்த்துளிகளைத் தாங்குவதில் ஏ16 சற்றுக் கூடிய தரம் பெற்றது. எதுவாயினும் உறையும் திரைக்கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். அந்தச் செலவுக்கு மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம்.

மூன்றாவது, பற்றரி. 2022இன் பொருளாதார நெருக்கடியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம்வரை மின்சாரம் நின்றதை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஏ16இல் 5000, ரெட்மி 14சியில் 5160 மில்லிஅம்பியர்மணி. ஏறக்குறைய சமன். ஆனால் சாம்சங் பெட்டிக்குள் சார்ஜர் வராது. தனியாக வாங்க வேண்டும். ரெட்மி பெட்டிக்குள் உண்டா என்பதைக் கடையிலேயே திறந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் கொஞ்சமும் எதிர்பாராதது நான்காவது. வானொலி. ரெட்மி 14சியில் எப்எம் வானொலியும் காதுக்குழாய் செருகும் துளையும் உண்டு. ஏ16இல் அந்தத் துளையே எடுக்கப்பட்டுவிட்டது. டேட்டா தீர்ந்த மாதக் கடைசியிலும், புயல் மழையில் சமிக்ஞை விழுந்த இரவிலும் செய்தி கேட்கக்கூடியது எப்எம் வானொலிதான். ஒரு காது கேளாதவருக்குக் காதுக்குழாய் ஆடம்பரமுமல்ல.

ரெட்மியின் குறையையும் சொல்ல வேண்டும். அதன் சொந்தச் செயலிகளுக்குள் விளம்பரங்கள் முளைக்கும். அமைப்புகளுக்குள் போய் நிறுத்தலாம். ஆனால் அதை யாராவது ஒருமுறை இருந்து செய்து கொடுக்க வேண்டும். தெரியாமல் விளம்பரத்தைத் தொட்டு “உடனடிக் கடன்” செயலிக்குள் விழுந்த பெண்களை நான் சந்தித்திருக்கிறேன். அச்செயலிகள் தொடர்பு இலக்கங்களைப் பார்க்க அனுமதி கேட்கும். கொடுத்துவிட்டால், தவணை பிந்தும் நாளில் உங்கள் அண்ணிக்கும் கிராம அலுவலருக்கும் பிள்ளையின் ஆசிரியைக்கும் அழைப்புப் போகும். நுண்கடனால் நாம் பட்டது போதாதா?

அந்தரங்கம் பற்றியும் இரண்டு வார்த்தை. வீட்டில் போன் பலருடைய கைக்குப் போகிறது. மாமியார், மச்சான், வளர்ந்த மகன் எல்லோரும் எடுத்துப் பார்ப்பார்கள். ரெட்மியில் செயலிகளை ஒவ்வொன்றாகப் பூட்டும் வசதி கூடவே வருகிறது. சாம்சங்கில் பாதுகாப்பான கோப்புறை என்ற ஒன்று உண்டு. மிக மலிவான சில மாதிரிகளில் அது இல்லை. வன்முறைக்குள் வாழும் சகோதரி ஒருவருக்கு இது கமெராவைவிட முக்கியமான கேள்வி. இரண்டு வகைப் போன்களிலும் மின்பொத்தானை ஐந்து தரம் அழுத்தினால் அவசர அழைப்புப் போகும்படி அமைத்துக்கொள்ளலாம். பொலிஸ் 119ஐயும் பெண்களுக்கான உதவி இலக்கம் 1938ஐயும் பெயர் போட்டுச் சேமித்து வையுங்கள்.

மறுநாள் நாம் இருவர் மட்டும் போனோம். அவர் கொப்பியைத் திறந்து கடைக்காரரிடம் தானே கேட்டார். “தம்பி, ரேடியோ இருக்கோ? திரை போனால் மாத்த எவ்வளவு?” கடைக்காரர் முதல்நாளைவிட மரியாதையாகப் பதில் சொன்னார். ரெட்மி 14சி அவருடைய கைக்கு வந்தது. 200 கிராமுக்கு மேல் பாரம், திரையும் பெரியது. ஒரு கையால் பிடிப்பது சிரமந்தான். கையில் காயப்பட்ட சகோதரிகள் வாங்குமுன் கடையிலேயே பிடித்து, எழுதிப் பார்க்க வேண்டும்.

இந்தக் கதையைக் கேட்ட எமது தையற் குழுவின் இளம் தாய் ஒருவர் தானும் ரெட்மிதான் வாங்கப்போவதாகச் சொன்னார். நான் அவரிடமும் கொப்பியை நீட்டினேன். அவர் தைத்த சட்டைகளின் நிறம் சரியாகத் தெரிய வேண்டும். மகள் உயர்தரம் படிக்கிறாள், அதே போனில்தான் பாடக்குறிப்புகள் வரும். அடுத்த ஐந்து வருடத்துக்கு இன்னொன்று வாங்க வழியில்லை. வானொலி கேட்பதேயில்லை. அவர் இன்னும் இரண்டு மாதம் பொறுத்து, சிறிது கூடக் கொடுத்து ஏ16 வாங்கினார். அவருக்கு அதுவே சரி என்பது என் அபிப்பிராயம்.

எதை வாங்கினாலும் காசு கொடுக்குமுன் செய்ய வேண்டிய ஒன்றுண்டு. போனில் *#06# அழுத்தினால் 15 இலக்கங்கள் தோன்றும். ஐஎம்இஐ என்று எழுதி இடைவெளி விட்டு அந்த 15 இலக்கங்களையும் 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்புங்கள். ஐஎம்இஐ என்பதை ஆங்கில எழுத்தில் எழுத வேண்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவில் அந்தப் போன் பதியப்பட்டதா என்ற பதில் வரும். பதியப்படாததென்றால் விலை எவ்வளவு மலிவாயினும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த இலக்கத்தைப் பற்றுச்சீட்டில் எழுதுவித்து வீட்டில் வைத்துக்கொண்டால், போன் களவு போனாலும் பொலிசில் முறையிட உதவும். சீனாவில் விற்பதற்கென்று செய்த சியோமி போன்களும் சில வேளை கைமாறி வருகின்றன. அவற்றில் தமிழ் இராது. மொழிப் பட்டியலைத் திறந்து தமிழ் இருக்கிறதா என்று பார்த்தால் உடனே தெரிந்துவிடும்.

தவணைக்கு எடுப்பவர்கள் முழுத் தவணையையும் கூட்டிப் பார்த்துவிட்டுக் கையொப்பமிடுங்கள். 2024 ஜனவரியில் பெறுமதிசேர் வரி 18 சதவீதமாகிக் கைத்தொலைபேசிக்கும் விதிக்கப்பட்டதிலிருந்து விலையே பாரமாக இருக்கிறது. அதன்மேல் வட்டியும் ஏறினால் தாங்காது.

ரெட்மி வாங்கிய அன்று பின்னேரம் அவருடைய வீட்டுத் திண்ணையில் இருந்து கூகுள் கணக்கைத் திறந்தோம். முகவரியை அவரே தெரிவு செய்தார். கடவுச்சொல்லை அவரே யோசித்தார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதைச் சமுர்த்திப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் தனது எழுத்தில் எழுதினார். பின்பு கிளிநொச்சித் திருத்துநர் தந்த படங்களை ஏற்றி, கணக்கிலும் நினைவக அட்டையிலும் ஒவ்வொரு பிரதி வைத்தோம். கலியாணப் படத்தை மாத்திரம் கடதாசியில் அச்சிடுவித்து வந்திருந்தேன்.

புதிய திரையில் படம் முன்னையதைவிடப் பெரிதாகத் தெரிந்தது. இரண்டு விரலால் இழுத்து முகத்தைப் பெருப்பித்துப் பார்த்தார்.

“வேட்டியில குங்குமம் கொட்டியிருக்குது மிஸ். இவ்வளவு நாளும் நான் காணேல்லை” என்றார்.