மூச்சு விடாத பாத்திரம்: கண்ணாடி ஜாடியில் விதை காப்போம்

ஒரு காலத்தில் ஹார்லிக்ஸ் பாட்டில் இல்லாத வீடு எங்க அம்பகரத்தூர்ப் பக்கம் கிடையாது. மிளகு, கடுகு, புளி, சில்லறைக் காசு என எல்லாம் அதில்தான் இருக்கும். இப்போது ஹார்லிக்ஸே பிளாஸ்டிக் டப்பாவில் வருகிறது. இருந்தாலும் ஊறுகாய், ஜாம், தேன், காபித்தூள் என்று வாய் அகலமான கண்ணாடி ஜாடிகள் வீட்டில் சேர்ந்துகொண்டேதான் இருக்கின்றன. அவற்றைப் பழைய இரும்புக்காரரிடம் போடுவதற்கு முன்னால் ஒரு இயற்கை உழவர் செய்துகொள்ளக்கூடிய வேலைகளை எழுதுகிறேன். அதில் முதல் வேலை, பெரிய வேலை, விதை காப்பது.

கடலோரத்தில் விதைக்கு வருகிற ஆபத்து

காரைக்கால் மாவட்டம் முழுக்கக் கடல் காற்று வீசும் பூமி. ஐப்பசி, கார்த்திகையில் உப்பு தானாகவே கசியும், அப்பளம் நமுத்துப் போகும். விதையும் அப்படித்தான். காற்றில் ஈரம் இருந்தால் இழுத்துக்கொள்ளும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் இருந்தால், சாக்கில் கிடக்கிற நெல் மெல்ல மெல்ல 15 சதவீதம் அளவுக்கு ஈரமேறிவிடும்.

விதைக்காரர்களிடம் ஒரு எளிய கணக்கு உண்டு. அறையின் வெப்பத்தை ஃபாரன்ஹீட்டில் எடுத்து, காற்றின் ஈரப்பத சதவீதத்தோடு கூட்டினால் 100-க்குள் வர வேண்டும். மழைக்காலத்தில் 82 டிகிரி (நம்ம கணக்கில் 28 செல்சியஸ்), ஈரப்பதம் 80 என்று வைத்துக்கொண்டால் கூட்டுத்தொகை 162. இந்த ஊரில் விதை ஏன் சீக்கிரம் முளைப்புத்திறனை இழக்கிறது என்பது இதிலேயே தெரிகிறது.

வெப்பத்தைக் குறைக்க நம்மிடம் குளிர்பதனக் கிடங்கு இல்லை. ஈரத்தைக் குறைப்பது நம்ம கையில் இருக்கிறது. ஹாரிங்டன் என்ற விதை விஞ்ஞானி சொன்ன விதிப்படி, விதையின் ஈரம் 14-க்கும் 5-க்கும் இடையில் ஒவ்வொரு சதவீதம் குறையும்போதும் அதன் ஆயுள் சுமார் இரண்டு மடங்காகும்.

குதிருக்கும் ஜாடிக்கும் உள்ள வித்தியாசம்

பத்தாயம், குதிர், வைக்கோலில் கட்டிய விதைக்கோட்டை எல்லாமே மூச்சு விடுகிற பாத்திரங்கள். உள்ளே கொஞ்சம் ஈரம் இருந்தாலும் வெளியே போக வழி உண்டு. கண்ணாடி ஜாடி மூச்சு விடாது. வெளி ஈரம் உள்ளே வராது. உள்ளே இருக்கிற ஈரமும் வெளியே போகாது. அரைகுறையாகக் காய்ந்த விதையை ஜாடியில் போட்டு இறுக்கி மூடினால் அது உள்ளேயே புழுங்கிப் பூஞ்சணம் பிடித்துச் செத்துப்போகும்.

அதனால்தான் விதைச் சான்றுத் தரத்தில் இரண்டு அளவு வைத்திருக்கிறார்கள். சாக்கு, துணிப்பை என்றால் ஒன்று. காற்றுப் புகாத பாத்திரம் என்றால் இன்னும் கடுமையான இன்னொன்று.

நெல்: சாக்கில் 13 சதவீதம், காற்றுப் புகாத பாத்திரத்தில் 8 சதவீதம்.
உளுந்து, பச்சைப்பயறு: 9, 8.
வெண்டை: 10, 8.
கத்தரி, தக்காளி, மிளகாய்: 8, 6.

இந்த அளவுக்குக் காயவைக்க முடிந்தால் மட்டும் ஜாடி. முடியாவிட்டால் துணிப்பையே நல்லது.

ஈரம் பார்க்க உப்பும் ஜாடியும் போதும்

ஈரமானி விலை கொடுத்து வாங்க வேண்டியதில்லை. நன்றாகக் காய்ந்த ஜாடியில் மூன்றில் ஒரு பங்கு நெல் போடுங்க. வாணலியில் வறுத்து ஆறவைத்த தூள் உப்பு இரண்டு மூன்று ஸ்பூன் சேர்த்து மூடி, இரண்டு நிமிடம் குலுக்குங்க. கால் மணி நேரம் அப்படியே வைத்துவிட்டுப் பாருங்க. உப்பு கண்ணாடிச் சுவரில் ஒட்டியிருந்தால் தானியத்தில் 15 சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கிறது. ஒட்டாமல் கீழே உதிர்ந்தால் அதற்குக் கீழே வந்துவிட்டது. சோதித்த நெல்லை விதையோடு கலக்காமல் தனியாக எடுத்துவிடணும்.

இது முதல் படிதான். உப்பு ஒட்டவில்லை என்றதும் ஜாடியில் அடைத்துவிடக் கூடாது. சம்பா நெல்லைத் தையில் அறுத்துக் காயவைத்துச் சாக்கில் வைத்திருந்து, பங்குனி, சித்திரை வெயிலில் மறுபடி இரண்டு மூன்று நாள் காயவைக்கிறேன். காலை 8 முதல் 11, பிறகு 3 மணிக்கு மேல். உச்சி வெயிலில் நேரடியாகக் காய்ந்தால் முளை கெடும். பல்லில் வைத்துக் கடித்தால் நசுங்காமல் 'டக்'கென்று உடையணும். சூடு ஆறியதும் அன்றைக்கே அடைத்துவிட வேண்டும். இரவு வெளியில் கிடந்தால் திரும்பவும் ஈரம் இழுத்துக்கொள்ளும். மறுநாள் காலையில் கண்ணாடியின் உள்சுவரில் பனி மாதிரி படிந்திருந்தால் உடனே கொட்டி மறுபடி காயவைக்கணும். கண்ணாடி என்பதால் இது கண்ணுக்குத் தெரிகிறது.

கத்தரி, மிளகாய், தக்காளி போன்ற சிறு விதைகளுக்கு அரிசியே போதும். பச்சரிசியை லேசாகச் சிவக்க வறுத்து, மூடிய பாத்திரத்தில் ஆறவைத்து, விதையின் எடைக்கு இரண்டு பங்கு எடுத்துத் துணியில் முடிந்து, ஜாடிக்குள் விதைப் பொட்டலத்தோடு வையுங்க. வறுத்த அரிசி ஈரத்தை இழுத்துக்கொள்ளும். இரண்டு வாரம் கழித்து முடிச்சை எடுத்துவிட்டு மூடிவிடலாம்.

பயறு வண்டுக்கும் இதுவே மருந்து

சம்பா அறுத்த தரிசில் வருகிற உளுந்து, பயறுக்கு வண்டு பெரிய தொல்லை. வயலில் காயிலேயே முட்டை வைத்துவிடும். காய்ந்த பயறைக் கழுத்து வரை நிரப்பி, இடைவெளி இல்லாமல் இறுக்கி மூடினால், பொரிக்கிற புழுவே உள்ளே இருக்கிற பிராணவாயுவைத் தீர்த்துவிட்டுப் பெருக முடியாமல் சாகும். பாதி ஜாடி பயறு, பாதி காற்று என்று வைத்தால் இந்தப் பலன் கிடைக்காது.

ஜாடி தேர்வு

தண்ணீர் ஊற்றி மூடித் தலைகீழாக வையுங்க. சொட்டினால் அது விதைக்கு ஆகாது. மூடியின் உள்வளையம் போயிருந்தால் சைக்கிள் டியூபில் வளையம் வெட்டிப் போடலாம். மூடிய பிறகு விளிம்பில் மெழுகு உருக்கி விடலாம். ஊறுகாய் ஜாடியைச் சாம்பல் போட்டுக் கழுவி வெயிலில் காயவைத்தால் எண்ணெய் வாடை போகும். பூச்சிமருந்து இருந்த பாட்டில் எதற்கும் வேண்டாம். ரகம், பட்டம், அடைத்த தேதி மூன்றையும் பென்சிலால் எழுதி உள்ளேயே போடுங்க. பேனா எழுத்து அழிந்துவிடும். வெளிச்சமும் விதைக்கு ஆகாது. ஜாடியைத் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் வைப்பது நல்லது. விதைப்பதற்கு முன் 100 விதையை ஈரத்துணியில் முளைகட்டி எண்ணிப் பாருங்க. நெல்லில் 80, உளுந்தில் 75 முளைத்தால் தரமான விதை.

மண்ணைப் பார்க்கவும் ஜாடி

காவிரியின் கடைமடையில், கடலை ஒட்டி இருக்கிற நமக்குக் களரா உவரா என்ற குழப்பம் உண்டு. ஜாடியில் மழைத்தண்ணீர் ஊற்றி, காய்ந்த மண்கட்டி ஒன்றை மெதுவாக இறக்கிவிட்டு, ஆட்டாமல் ஒரு நாள் வையுங்க. போர் தண்ணீர் கூடாது. அதில் இருக்கிற உப்பு முடிவை மாற்றிவிடும். கட்டியைச் சுற்றிப் பால் மாதிரி கலங்கி, தெளியாமலே நின்றால் களர்த்தன்மை இருக்கிறது. உவர் மண்ணில் தண்ணீர் தெளிந்தே நிற்கும். களருக்கு ஜிப்சம் உதவும். உவருக்கு நல்ல தண்ணீர் கட்டி வடிப்பதுதான் வழி. களர் என்று தெரிந்தால் மண்ணை ஆய்வகத்தில் கொடுத்துப் பார்த்துவிட்டுத்தான் ஜிப்சம் அளவை முடிவு செய்யணும்.

ஜாடிக்கு ஆகாத வேலை

மீன் அமிலம், முட்டைக் கரைசல் இரண்டிலும் வாயு கிளம்பும். முட்டை ஓடு எலுமிச்சைச் சாற்றில் கரையும்போதே நுரைத்துக்கொண்டு வரும். இறுக்கி மூடினால் கண்ணாடி வெடிக்கும். கொஞ்சமாகச் செய்தால் ஜாடியில் செய்யலாம். ஆனால் மூடிக்குப் பதில் வாயில் துணி கட்டணும். தகர மூடியை அமிலம் அரித்துவிடும். அதிகமாகச் செய்வதானால் பிளாஸ்டிக் வாளியே பாதுகாப்பு.

நாலு ஜாடி, ஒரு ஏக்கர்

ஏக்கர் கணக்கில் விதைக்கிறவருக்கு ஜாடி எப்படிப் போதும் என்று கேட்பீங்க. ஒரு லிட்டர் ஜாடி அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூடுதலாக நெல் பிடிக்கும். நாலு ஜாடியில் 2 கிலோ தாராளமாக வைக்கலாம். ஒற்றை நாற்று நடவில் ஒரு ஏக்கருக்கு அந்த 2 கிலோ போதும். ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் 2006-இல் தொடங்கிய நெல் திருவிழாவில் கொடுத்ததும் 2 கிலோதான். மறு வருஷம் 4 கிலோவாகத் திருப்பித் தரச் சொன்னார். அந்த வழியில் நூற்றுக்கும் மேற்பட்ட பாரம்பரிய ரகங்கள் திரும்பப் பரவின.

கடலோரத்தில் புயலும் வெள்ளமும் புதிதில்லை. 2004-இல் சுனாமி, 2018-இல் கஜா. தண்ணீர் ஏறினால் தரையில் கிடக்கிற விதைச் சாக்கு போய்விடும். பரணில் நாலு ஜாடி குழியடிச்சானோ களர்ப்பாலையோ இருந்தால், உப்பேறிய வயலில் அடுத்த பட்டத்தை யாரிடமும் கை நீட்டாமல் தொடங்கலாம். இந்தத் தை அறுவடையில் நல்ல கதிராகப் பார்த்து முதலில் அந்த 2 கிலோவைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, மற்றதைக் களத்தில் அடியுங்க.